பாடத்துக்குக் கீழே ஒரு பெட்டி

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு சித்தி எழுதறது. கடவுள் புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன், சித்தப்பாவும் இருக்கார். நீ நல்லா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடறியான்னு எழுது. "சாப்பிட்டேன்"னு மட்டும் எழுதாதே, என்ன சாப்பிட்டேன்னு எழுது. அப்பதான் நம்புவேன்.

போன் இருக்கறப்ப எதுக்கு லெட்டர்னு கேப்பே. நீ போனை எடுக்கறதில்ல, அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் போன்ல யார்கிட்டயாவது பேசினா சித்தப்பா மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கறார். மத்தவங்க வாய் அப்படி சரளமா ஓடறதைக் கேக்க அவருக்கு ஆகலை. இந்த வீட்டுல கல்யாணமான நாள்லேருந்து நான் பேசுவேன், அவர் "உம்" கொட்டுவார். லேத் பட்டறையில இரும்போட பழகின மனுஷன், அவ்வளவுதான் வரும். மூளையில ரத்தம் அடைச்சு அந்த "உம்"மும் போனப்பதான் தெரிஞ்சுது, அது எவ்வளவு பெரிய பேச்சுன்னு.

நீ உன் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்காக இன்டர்நெட்ல பாடம் போடற பிளாக்குதான் இப்ப எங்களுக்கு எல்லாம். காலையில குளிச்சதும் நாற்காலியில உக்கார வெச்சு, போனைச் சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வெச்சுடுவேன். படம் வருது. நீ "மரம்"னு சொல்றே. அப்புறம் உன் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து "மரம்"னு கத்துதுங்க. அந்தக் கூட்டத்தோட சேர்ந்தா மட்டும்தான் சித்தப்பா வாயைத் திறக்கறார். நான் தனியா சொல்லச் சொன்னா மாட்டேங்கறார். கூட்டத்துக்குள்ள தப்பாச் சொன்னா யாருக்கும் தெரியாதில்ல, அதான். பேச்சு சொல்லித்தர வர்ற டாக்டரம்மாகூட, "இதையே விடாம போடுங்க, நான் கொடுக்கற பயிற்சியைவிட இதுலதான் இவருக்கு இஷ்டம்"னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க கத்தினதும் நீ டக்குனு அடுத்ததுக்குப் போயிடறே. கொஞ்சம் நின்னு போடி கண்ணு. இவருக்கு ம-வுக்கு உதடு மூடவே நேரமாகுது.

பாடத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கே, அதுல மைக்கை அமுக்கிப் பேசினா அதுவே எழுதிக்குது, என்ன அதிசயம்! துணி துவைக்கற இடத்துல போய் நின்னு தினமும் உனக்கு ரெண்டு வார்த்தை பேசி அனுப்பறேன். நேத்து சொன்னதைப் பார்த்தியா? மாப்பிள்ளை உன்னை விட்டுட்டுப் போனா போகட்டும், அதுக்காக நீ தூக்க மாத்திரை போட்டுக்கிட்டுப் பாடம் நடத்தப் போகாதே. ஆண்டவன் பார்த்துக்கிட்டுதான் இருக்கார்.

உடம்பைப் பார்த்துக்கோ.
உன் சித்தி


ஜூன் 21

அன்புள்ள சித்திக்கு,

நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பது அறிந்தேன். நேற்று பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் ரொட்டி சாப்பிட்டேன்.

ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன். வகுப்பிலும் திக்கிப் பேசும் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் அது உதவுகிறது. வேலைக்குப் போகும் பெற்றோர் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வலைப்பூவை ஆரம்பித்தேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகூட வீட்டிலிருந்தே படித்துவிட்டு வருகிறது. அதில் சித்தப்பாவும் படிப்பார் என்று நினைத்ததில்லை.

பாடத்துக்குக் கீழே எழுத வேண்டாம், சித்தி. கடிதமே போதும்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் இரண்டு அம்மாக்கள் என்னிடம், "தூக்கம் வருதா டீச்சர்?" என்று கேட்டார்கள். வருகிறது என்றேன். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
பாப்பா


ஜூலை 3

அன்புள்ள பாப்பாவுக்கு சித்தி எழுதறது. நாங்க சுகம். ரொட்டி ஒரு சாப்பாடாடி? சரி, அதையாவது தின்னியே.

நல்ல சேதி. சித்தப்பாவுக்கு "ப" வந்துடுச்சு! பிள்ளைங்க "படம்"னு கத்தறப்ப இவர் "ப...ம்"ங்கறார். நடுவுல ஒண்ணு காணாமப் போயிடுது, போகட்டும், முன்னும் பின்னும் வந்துடுச்சில்ல. எனக்குத் தலைகால் புரியலை. மூலையில போய் நின்னு கடவுளைக் கும்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தா, அவரே விரலால தட்டி மறுபடி படத்தை வரவெச்சிருக்கார்.

உங்க ஊரு அம்மாக்கள் எவ்வளவு தங்கமான ஜனங்க! தூக்கம் வருதான்னு கேக்கறாங்களே, நம்ம சொந்தத்துல யார் கேட்டா? உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாங்க. நான் சொன்னேன்ல, ஆண்டவன் யார் ரூபத்துலயாவது வருவார்.

பெட்டியில எழுத வேண்டாம்னு சொல்லியிருக்கே. உனக்குப் படிக்க நேரமில்லை போல. நான் நீட்டி முழக்காம சுருக்கமாத்தான் சொல்றேன். முந்தாநேத்து சொன்னது அவசரம்னுதான் அதுல போட்டேன். வக்கீல்கிட்டேருந்து மாப்பிள்ளை அனுப்பின விவாகரத்துப் பேப்பரைப் பத்தித் தனியா எழுதினியே, அதுல நீ கையெழுத்துப் போடவே கூடாது. "பிள்ளை தங்கலை"ன்னு அதுல காரணம் எழுதியிருக்கானே, அவன் வாய் வெந்து போகட்டும். அதெல்லாம் லெட்டர்ல வந்து சேர்றதுக்குள்ள நீ கையெழுத்துப் போட்டுத் தொலைச்சுடுவேன்னுதான் பெட்டியில சொன்னேன். போன் எடுத்திருந்தா போன்லயே சொல்லியிருப்பேன்.

அடுத்து என்ன எழுத்து? சித்தப்பா காத்திருக்கார்.
உன் சித்தி


ஜூலை 20

பாப்பாவுக்கு சித்தி எழுதறது. நலம்னு எழுதிடறேன், மத்ததை அப்புறம் சொல்றேன்.

உன் பிளாக்கைக் காணோமே? தொட்டா வெள்ளையா வருது, இந்தப் பக்கம் இல்லைங்குது. போன்தான் கெட்டுப் போச்சுன்னு கடையில கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தம்பி பார்த்துட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு, வெச்சிருந்தவங்கதான் எடுத்துட்டாங்க"ங்கறான். நீயா எடுத்தே?

குளிச்சுட்டு வந்து நாற்காலியில உக்காந்து சர்க்கரை டப்பாவையே பார்க்கறார், பாப்பா. வேற யாரோ டீச்சர் பாட்டா பாடிச் சொல்லித்தர்ற வீடியோ ஒண்ணு போட்டேன். போனை எடுத்துக் கவுத்து வெச்சுட்டார். வராமக் கிடந்த கையை இப்ப நல்லாவே தூக்கறார், அதையும் சொல்லணும்.

கேபிள்காரன், கரண்டு ஆபீஸ் எல்லாத்துக்கும் லீவு உண்டு, அது மாதிரி உனக்கும் ஒரு பத்து நாள் லீவுன்னு நினைச்சுக்கறேன். லீவு முடிஞ்சதும் போடு. உடம்பு சரியில்லையா? அதையாவது ஒரு வரி எழுது.

சித்தி


ஆகஸ்ட் 6

அன்புள்ள சித்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

வலைப்பூவை மூடிவிட்டேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, "வகுப்பு விஷயம் வேற, வீட்டு விஷயம் வேற, ரெண்டும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது" என்றார். பெற்றோர் சிலர் பேசிக்கொள்கிறார்களாம். கொஞ்ச நாள் மூடி வைக்கத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கோபத்தில் இல்லை. ஒவ்வொன்றாக "அழிக்கவா?" என்று கேட்டது, ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று அழுத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் குரலும் அதோடு போய்விட்டது. உங்களுக்கு அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் என் படங்களைத்தான் தன் வகுப்பில் காட்டுவாராம். அவரும் கேட்டார். அவருக்கும் இதையேதான் சொன்னேன்.

பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சித்தப்பாவுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.
பாப்பா


ஆகஸ்ட் 24

பாப்பாவுக்கு.

இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேக்கற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியலை, ஆனாலும் கேக்கறேன்.

நீ சொன்ன மாதிரி நானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். பழைய காலண்டர் பின்னாடி மரம் வரைஞ்சேன், குடை மாதிரி வந்துச்சு. "மரம் சொல்லுங்க"ன்னேன். என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தார். "சரி, படம் சொல்லுங்க, அதுதான் வருமே"ன்னேன். உதட்டை இறுக்கி மூடிக்கிட்டார். டாக்டரம்மா வந்து பார்த்துட்டு, "வந்ததும் போகுது, பழகாம விட்டா மொத்தமா நின்னுடும்"னாங்க.

நேத்து கீழ்வீட்டு நர்ஸ் டியூட்டி முடிஞ்சு வந்தா. அவ பையனும் ஒண்ணாங்கிளாஸ், உன் பிளாக்கை நான்தான் அவளுக்குக் காட்டியிருந்தேன். அப்படியே எழுதறேன்.

"அக்கா, உங்க பொண்ணு ஏன் எடுத்துட்டாங்க? பையனைவிட எனக்குதான் கஷ்டமா இருக்கு. கீழே நீங்க எழுதறதைப் படிச்சுட்டுதான் நான் தூங்குவேன்."

"நான் எழுதினது எங்க பாப்பாவுக்கு. நீ எப்படிடி படிச்சே?"

"என்னக்கா, அது எல்லார்க்கும்தானே தெரியும்? பாடத்தைத் திறந்தா கீழே அதுவும் வருமே."

"எல்லாருக்குமா? மாத்திரை விஷயம்?"

"ஆமாக்கா."

"வக்கீல் பேப்பர்?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்புறம் சொன்னா, "அது வந்தப்பதான் நான் நினைச்சேன், தெரிஞ்சுதான் எழுதறீங்களான்னு."

"கேட்டிருக்கலாமேடி பாவி!"

"பெரியவங்க, எப்படிக் கேக்கறதுன்னு..."

அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவ குடிச்சுட்டுப் போனா. டம்ளரைக் கழுவினேன். கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கிட்டு இருந்திருக்கேன், தண்ணி நின்னப்பதான் தெரிஞ்சுது.

கடுதாசியை மடிச்சு உன் கையில கொடுக்கற மாதிரின்னு நினைச்சுட்டேன். பிள்ளை தங்காததை நீ என்கிட்ட மட்டும்தான் சொன்னே. நான் அதை உன் பிள்ளைங்களைப் பெத்தவங்க அத்தனை பேருக்கும் வாசிச்சுக் காட்டியிருக்கேன். என் வாய் இப்படிப் பண்ணிடுச்சு. நீ ஒரு வார்த்தை திட்டலையே, ஏன்டி?

சித்தி


செப்டம்பர் 29

அன்புள்ள சித்திக்கு,

நலம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உங்களுக்கு எழுத ஒன்றுமில்லாமல் இருக்காது. எழுதுங்கள்.

திட்டத் தோன்றவில்லை. நீங்கள் பெட்டியில் சொன்னதை முதல் நாளே பார்த்தேன். அதை மட்டும் அழித்திருக்கலாம். கையை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது. அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே அப்படித்தான் இருந்தது. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வெல்டிங் பட்டறையிலிருந்து ஒருவர் வேலை உடுப்போடே வந்திருந்தார், அந்த ஆள் கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியை பேசி முடிக்குமுன் எழுந்துவிட்டார்.

"மேடம், எங்க டீச்சர் போடற பாடம் எங்கே போச்சு?"

பின்னாலிருந்து ஓர் அம்மா, "அதுல வீட்டுக் கதையெல்லாம் வந்துச்சுங்க. பிள்ளைங்க பார்க்கறது" என்றார்.

"வந்தா என்னங்க? உங்க வீட்டுல கதையே இல்லையா?"

"அதை நான் ஊருக்குச் சொல்றதில்லையே."

"நீங்க சொல்ல வேணாம், உங்க வீட்டுக்காரர் பட்டறையில வந்து சொல்லிட்டார்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். வெல்டர் தொடர்ந்தார்: "நான் நைட்டு வேலை. என் பொண்ணு என்ன படிக்கறான்னு எனக்கு அதுலதான் தெரியும். நான் தூங்கி எழுந்ததும் என்னை உக்கார வெச்சு அவ பாடம் நடத்தறா. எனக்குப் படிப்பு வரலைங்க, இப்பதான் அவகூட சேர்ந்து வருது. இன்னொண்ணு, கீழே ஒரு அம்மா எழுதுவாங்களே, அவங்க வீட்டுப் பெரியவர் 'படம்' வரைக்கும் வந்தார். அதுக்கு மேல வந்தாரா இல்லையான்னே தெரியலை."

"ஆமா, எப்படி இருக்கார் டீச்சர்?" என்று இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சித்தப்பாவைத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. இருக்கிறார் என்றேன். பிறகு நன்றி என்றேன்.

தலைமையாசிரியை, "பாடம் இருக்கட்டும், கீழே இருக்கற பெட்டி வேண்டாம்" என்றார். திங்களன்று புதிதாகப் பதிவு செய்தேன். மரத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இடைவெளி விட்டிருக்கிறேன்.

பாப்பா


அக்டோபர் 17

அன்புள்ள பாப்பாவுக்கு சித்தி எழுதறது. ரெண்டு பேரும் உசிரோட நல்லா இருக்கோம். நீ சாப்பிட்டியா?

பாடம் வந்துடுச்சு. மறுபடி கூட்டத்தோட வாயைத் திறக்கறார். "மரம்" முக்கால்வாசி வருது. பெட்டி இருந்த இடம் மொழுக்குனு இருக்கு. நல்லதுதான்.

நீ எழுதச் சொன்னே, எழுத விஷயம் குறைஞ்சு போச்சு. வீட்டுலயும் நான் அவ்வளவா பேசறதில்லை. பேச வாய் வந்தா, இது யார் காதுக்குப் போகும்னு ஒரு யோசனை வந்துடுது, அதுக்குள்ள பேச்சு ஆறிப்போயிடுது. சாப்பாடு வெச்சா வெச்சேன், எடுத்தா எடுத்தேன். கடவுள்கிட்டகூட சும்மாதான் போய் நிக்கறேன்.

முந்தாநேத்து சாயங்காலம் அவர் சட்டைக்குப் பித்தான் தெச்சுக்கிட்டு இருந்தேன். ரேடியோகூட இல்லை. திடீர்னு அவர், "ஏன்"னார்.

உடைஞ்சு வரலை, முழுசா வந்துச்சு. யாரோ வாசல்ல நின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நான், "என்ன ஏன்?"னேன். என் வாயைக் கையால காட்டினார். மறுபடியும் "ஏன்"னார்.

சந்தோஷப்படணும்தானே? எனக்கு ஒண்ணும் வரலை. ஊசியைக் குத்தி வெச்சுட்டு, நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம அவர்கிட்ட சொன்னேன். உன் மாத்திரை, வக்கீல், பிள்ளை, நான் பெட்டியில சொன்னது, நர்ஸ் சொன்னது. இதுவரைக்கும் அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டார். செவுத்துப் பக்கம் திரும்பலை. முடிஞ்சதும் சட்டையை எடுத்து என் மடியில வெச்சார், மிச்சத்தையும் தெச்சு முடின்னு.

உன் பாடத்துல அந்த வார்த்தை இருக்கான்னு தேடிப் பார்த்தேன். மரம், படம், பல், வாளி எல்லாம் இருக்கு, "ஏன்" இல்லை. படம் போட முடியாதுன்னு விட்டுட்டியா? போடும்மா. சின்னப் பிள்ளைங்களுக்கு அது வேணும்.

சித்தி


நவம்பர் 5

அன்புள்ள சித்திக்கு,

நலம். நேற்று முட்டை வாங்கி வந்து வீட்டிலேயே சமைத்தேன். இரண்டு முட்டை.

"ஏன்" பாடம் எடுத்தேன். நீங்கள் சொன்னது சரிதான், படம் கிடைக்காததால்தான் விட்டிருந்தேன். படம் வைக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஆளுக்கொரு கேள்வி "ஏன்" வைத்துக் கேட்கச் சொன்னேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"காக்கா ஏன் குளிச்சும் கருப்பா இருக்கு?"

"பெரிய டீச்சர் ஏன் சிரிக்க மாட்டாங்க?"

"மழை ஏன் மேல போகாது?"

வெல்டரின் பெண் கடைசி வரிசையில் இருந்து எழுந்தாள். "டீச்சர், நீங்க ஏன் தூங்கறதுக்கு மாத்திரை போடறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதுவும் காக்கா மாதிரி ஒரு கேள்விதான். எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"எங்க வீட்டுல இருந்தவர் போயிட்டார். பிறக்க வேண்டிய பாப்பாவும் பிறக்கலை. அதனால தூக்கம் வரலை" என்றேன். இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, சித்தி. உங்களுக்குக்கூட எழுதித்தான் தெரிவித்தேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, "வாளி" என்று சொல்கிற மாதிரி.

"எனக்கும் வராது டீச்சர். எங்கப்பா நைட்டு இருக்க மாட்டார்ல. எங்கம்மா முதுகுல தட்டுவாங்க. உங்களுக்கு யாரு தட்டுவா?"

"யாரும் இல்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி" என்று சொல்லி உட்கார்ந்தாள். அடுத்தவன் எழுந்து, பல் ஏன் விழுகிறது என்று கேட்டான்.

மாலையில் பதிவை ஏற்றும்போது அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் அவள் கேள்வி மட்டும் காணாமல் போகும், வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து தேடுவாள். அப்படியே போட்டுவிட்டேன். தலைமையாசிரியை இன்னும் பார்க்கவில்லை.

சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பாப்பா